வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் முன்னே

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டு யூதச் சமூகத்தார் தங்கள் ரபியோடு, அதாவது சமயகுருவோடு, குழுவாகச் சிங்கப்பூர் வருவதுண்டு. நான்கைந்து நாள் தங்கி, சேர்ந்து தொழுது, வேதம் படித்து, இங்குள்ள பழைய யூத ஆலயங்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களை வரவேற்கும் இடங்களில் நம்மவர்கள் இருக்கிறார்கள்: ஓட்டல் முன்மேசையில், பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில், சமையல்கட்டில், வழிகாட்டியாக. அவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

பதிலுக்கு முன் ஒன்று. யூதர்கள் எல்லாரும் ஒரே அளவில் ஆசாரம் பார்ப்பவர்கள் அல்லர். சனிக்கிழமை பேருந்தில் ஏறும் குழுவும் உண்டு, மின்விளக்கின் விசையைக்கூடத் தொடாத குழுவும் உண்டு. முன்பதிவின்போதே அதைக் கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கீழே உள்ளவை ஆசாரத்தை முழுமையாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் குழுவுக்கானவை.

கேள்வி: பென்கூலன் ஸ்திரீட் பக்கம் ஓர் ஓட்டலில் வேலை. 34 பேர் கொண்ட குழு வியாழன் வந்து ஞாயிறு கிளம்புகிறது. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை சாவி அட்டை, மின்தூக்கி எதையும் தொடமாட்டோம் என்று எழுதியிருக்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
– ஓட்டல் ஊழியர், ஈசூன்

பதில்: அது ஷபாத், அவர்களுடைய ஓய்வுநாள். வெள்ளிக்கிழமை சூரியன் மறையச் சற்று முன்னே தொடங்கி, சனி இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும் நேரத்தில் முடியும். ஏறக்குறைய 25 மணி நேரம். அதற்குள் தீ மூட்டக் கூடாது, அணைக்கவும் கூடாது. மின்சாரத்தை இயக்குவதையும் இதே கணக்கில் வைத்து ஒதுக்குகிறார்கள். எழுதுவது, சமைப்பது, பணம் தொடுவது, வண்டியில் போவது எதுவும் கிடையாது.

ஷபாத்தை வரவேற்கப் பெண்கள் விளக்கேற்றுவார்கள். அந்த நேரம் பெரும்பாலும் சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்னே. லண்டனில் அது டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே வந்துவிடும், ஜூனில் இரவு 9 மணியைத் தொடும். நமக்கு நிலநடுக்கோடு பக்கத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் மாலை 6.25க்கும் 7.05க்கும் இடையில்தான். ஆகவே எல்லா அறை வேலையையும் வெள்ளி மாலை 5 மணிக்குள் முடித்துவிடுவது என்று ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் போனதும் மின்சாரம் வர ஓர் அட்டையைச் செருகுகிறோம் அல்லவா, அந்தத் துளையில் வேலை செய்யும் உபரி அட்டை ஒன்றைச் செருகி அப்படியே விட்டுவிடுங்கள். குளிரூட்டியை 24 அல்லது 25 பாகையில் வையுங்கள். 20இல் வைத்தால் நடு இரவில் விறைத்தாலும் மாற்ற முடியாது. குளியலறை விளக்கு எரியட்டும், கதவைப் பாதி சாத்தினால் தூக்கம் கெடாது. சின்னக் குளிர்பெட்டியைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும். ஆகவே அதை இணைப்பிலிருந்து கழற்றிவிடுங்கள். பல ஓட்டல்கள் கோட்டை விடுவது அறையின் அசைவு உணரியில். ஆள் அசையாவிட்டால் குளிரூட்டியை நிறுத்தி, புரண்டு படுத்தால் விளக்கைப் போடும் கருவி அது. முன்மேசையிலிருந்து அதை ஒன்றும் செய்ய முடியாது, பராமரிப்புப் பிரிவு நிறுத்தவேண்டும். புதன்கிழமையே சொல்லிவையுங்கள். பால்கனிக் கதவைத் திறந்தால் குளிரூட்டி நிற்கும் அறைகளிலும் இதே வேலை உண்டு.

கதவுப் பூட்டுக்கு நல்ல வழி: எல்லாருக்கும் ஒரே தாழ்ந்த தளத்தில், 2 அல்லது 3ஆம் மாடியில், அறை கொடுத்துவிட்டு, குறித்த நேரங்களில் அந்தத் தளத்தில் ஓர் ஊழியரைப் பொது அட்டையோடு நிற்கவைப்பது. வெள்ளி இரவு உணவு முடிந்து திரும்பும்போது, சனி மதியம் ஆலயத்திலிருந்து வரும்போது, மாலைத் தொழுகைக்கு முன்னும் பின்னும் என்று நேரத்தைக் குழுத்தலைவரிடம் எழுதி வாங்குங்கள்.

படிக்கட்டையும் முந்தின நாளே நடந்து பாருங்கள். பல கட்டடங்களில் படிக்கட்டுக்குள் நுழைந்துவிட்டால் தரைத்தளத்துக் கதவு மட்டுமே உள்ளிருந்து திறக்கும், மேல்மாடிக் கதவுகள் திறக்காது. வயதானவர்கள் மூன்று மாடி ஏறிவந்து பூட்டிய கதவின் முன் நிற்கும் நிலை வரக்கூடாது. தீத்தடுப்புக் கதவுக்கு முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கவும் விதி இடம் தராது. அதனால் அங்கேயும் ஆள்தான் வேண்டும். முன்வாசல் தானியங்கிக் கதவு என்றால், கையால் தள்ளும் பக்கக் கதவைத் திறந்து வையுங்கள்.

இன்னொன்று நம் ஊழியர்களுக்குப் புரியவேண்டும். தாங்கள் செய்யக்கூடாத வேலையைப் பிற சமயத்தவரிடம் அந்த நேரத்தில் செய்யச் சொல்வதும் அவர்களுக்குத் தடை. சாடையாகச் சொல்வதில்கூடக் கட்டுப்பாடு உண்டு. விருந்தாளி ஒருவர் இருட்டு அறை வாசலில் பேசாமல் நிற்கிறார் என்றால், அவருக்கு வாய் திறந்து கேட்க வழியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் போய் "விளக்குப் போடட்டுமா, சார்?" என்று கேட்பது அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடும். எல்லா ஏற்பாட்டையும் வெள்ளி பகலிலேயே பேசி எழுதிக்கொள்ளவேண்டும் என்பது இதற்காகத்தான்.

காலை உணவுச் சீட்டில் கையெழுத்து வாங்காதீர்கள், அவர்கள் எழுதமாட்டார்கள். பெயர்ப் பட்டியலை உணவகத்தில் வைத்து நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். அறைக்குத் தொலைபேசி அடிக்கவேண்டாம். சனி நண்பகல் அறையைக் காலி செய்யச் சொல்லும் கணக்கு இவர்களுக்கு ஆகாது.

விளக்கை அறையில் ஏற்ற நம் தீயணைப்பு விதி விடாது. கூட்ட அறை ஒன்றில் உலோகத் தட்டு போட்ட மேசை, சுவரும் திரைச்சீலையும் எட்டாத இடம், இரவு முழுவதும் ஒரு காவலர். ஏற்றிய பிறகு தட்டை நகர்த்தவோ ஊதி அணைக்கவோ கூடாது, தானே எரிந்து அடங்கட்டும். மேசையைத் துடைக்கும் அவசரத்தில் ஒரு பணியாளர் அதை அணைத்துவிட்டால் அந்தப் பெண்களின் மனம் எவ்வளவு வருந்தும் என்று கார்த்திகை விளக்கு ஏற்றும் வீட்டாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: தேக்கா பக்கம் சைவச் சாப்பாட்டு கேட்டரிங் நடத்துகிறோம். முட்டைகூடக் கிடையாது. யூதக் குழுவுக்கு எங்கள் சமையல் ஒத்துவரும்தானே?
– கேட்டரிங் உரிமையாளர், சிராங்கூன் ரோடு

பதில்: ஒத்துவராது. வருத்தமாக இருந்தாலும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. சைவம் வேறு, கோஷர் வேறு. ஹலால் சான்றிதழும் இதற்கு ஈடாகாது.

கோஷர் என்பது பொருளை மட்டும் பார்ப்பதில்லை. பாத்திரம், அடுப்பு, யார் தீ மூட்டினார்கள் என்பதையும் பார்க்கிறது. இறைச்சியும் பாலும் சேரக்கூடாது, இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம் என்பது பலருக்குத் தெரியும். உங்கள் கடையில் இறைச்சியே இல்லையே என்பீர்கள். சரி, உங்கள் சமையலையே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கறிவேப்பிலை, கொத்தமல்லி, கீரை, காலிஃபிளவர் இவற்றில் ஒளிந்திருக்கும் பூச்சி அவர்களுக்குப் பெரிய தடை. இலையை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்துத்தான் எடுப்பார்கள். தாளித்த பிறகு கறிவேப்பிலையைப் பொறுக்கி எறிந்தால் இலை போகும், அதிலிருந்த பூச்சி குழம்பில்தான் இருக்கும். கோஷர் விதிகளைப் பார்த்துக்கொள்ளும் கண்காணிப்பாளர் இருக்கும் சமையல்கட்டுகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: நெருக்கமான துணியில் முடிந்து குழம்பில் போட்டு, மணம் இறங்கியதும் முடிச்சோடு எடுத்துவிடுவது. அரிசியும் பருப்பும் புடைத்துப் பார்க்கப்படும்.

பன்னீர், சீஸ் போன்றவற்றுக்குத் தனிக் கண்காணிப்பு வேண்டும். ஆசாரம் மிகுந்தவர்கள் பாலுக்கே கண்காணிப்பு கேட்பார்கள். திராட்சையிலிருந்து வரும் சாறு, வினிகர் இரண்டும் கோஷர் முத்திரை இல்லாமல் கூடவே கூடாது.

அடுத்து தீ. பச்சையாகத் தின்ன முடியாத, விருந்தில் வைக்கத்தக்க உணவைச் சமைப்பதில் ஒரு யூதரின் கை இருக்கவேண்டும். ஐரோப்பிய வழக்கத்தார் அடுப்பை அவர் பற்றவைத்தாலே போதும் என்பார்கள். பாக்தாத், மொரோக்கோ போன்ற இடங்களின் வழக்கத்தார் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதும் அவராக இருக்கவேண்டும் என்பார்கள். சறுக்குவது இந்த இடத்தில்தான். காலையில் கண்காணிப்பாளர் பற்றவைத்துவிட்டுப் போவார். பத்து மணிக்கு எரிவாயு தீர்ந்து அடுப்பு அணையும். உருளையை மாற்றும் பையன் பழக்கதோஷத்தில் தானே பற்றவைப்பான். அதற்குப் பிறகு அந்த அடுப்பில் ஏறும் பாத்திரத்துக்கு ஒப்புதல் கிடைக்காது. அடுப்பின் மேல் "நாம் பற்றவைக்கக் கூடாது" என்று தமிழிலும் உங்கள் மற்ற ஊழியர்களின் மொழிகளிலும் எழுதி ஒட்டுங்கள்.

பழைய பாத்திரத்தைச் சுத்திகரிக்க முடியுமா என்றால், எஃகுப் பாத்திரத்துக்கு முடியும். நன்றாகத் தேய்த்து, 24 மணி நேரம் பயன்படுத்தாமல் வைத்து, கொதிக்கும் நீரில் முழுதாக அமிழ்த்தவேண்டும். எண்ணெய் குடித்துப் பழகிய தோசைக்கல்லுக்கு வெந்நீர் போதாது, நெருப்பில் பழுக்கக் காய்ச்சவேண்டும். மண்சட்டிக்கு வழியே இல்லை, பீங்கானையும் ஏற்கமாட்டார்கள். இத்தனையும் கண்காணிப்பாளர் முன்னிலையில் நடக்கவேண்டும். ஒரு குழுவின் நான்கு நாள் சாப்பாட்டுக்காக உங்கள் சமையல்கட்டை இப்படிப் புரட்டிப்போடுவது வீண் செலவு என்பது எங்கள் கருத்து. சமைத்த உணவை, இங்குள்ள யூதச் சமூகத்தின் மேற்பார்வையில் நடக்கும் சமையல்கட்டிலிருந்தே குழு வரவழைத்துக்கொள்ளட்டும்.

உங்களுக்கு வேலையே இல்லை என்று நினைக்கவேண்டாம். வெட்டாத முழுப் பழங்கள், மூடி திறக்காத தண்ணீர்ப் புட்டிகள், உறை பிரிக்காத காகிதத் தட்டுகள், கரண்டிகள், மேசை விரிப்பு, பரிமாறும் ஆட்கள் எல்லாம் நீங்கள் தரலாம். பழத்தை அழகாக நறுக்கி அடுக்கித் தரவேண்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம், உங்கள் கத்தி பட்டால் கேள்வி வரும். பொட்டலச் சரக்கில் கோஷர் குறியாக, வட்டத்துக்குள் ஆங்கில 'யு' எழுத்து இருக்கிறதா பாருங்கள். பக்கத்தில் 'டி' இருந்தால் அது பால் சார்ந்தது. இறைச்சி உணவோடு வைக்கக்கூடாது. சனி இரவு ஷபாத்தை வழியனுப்பும் சடங்கில் முறுக்குத்திரி ஒன்றை ஏற்றி, நறுமணப் பொருளை முகர்வார்கள். கிராம்பும் பட்டையும் புதுப் பொட்டலமாக நீங்கள் வாங்கி வைத்தால் மகிழ்ந்துபோவார்கள்.

கேள்வி: வெளியிலிருந்து வரும் கோஷர் பெட்டிகளை எங்கள் அவனில் சூடாக்கலாமா? வெள்ளி இரவுக்குச் சூடான சாப்பாடு எப்படிக் கொடுப்பது?
– விருந்துக்கூடச் சமையல்காரர், பிடோக்

பதில்: இரட்டை உறை போட்டு முத்திரையிட்ட பெட்டி என்றால் சாதாரண அவனில் சூடாக்கலாம். உறையும் முத்திரையும் மேசைக்கு வரும்வரை கலையக் கூடாது, விருந்தாளிதான் பிரிப்பார். கம்பித்தட்டில் நேராக வைத்தால் அடி அலுமினியத்தாள் கிழியும். கீழே ஒரு தட்டு வையுங்கள். நீராவி அவன் வேண்டாம், ஈரத்தில் முத்திரை உரிந்துவிடும். நுண்ணலை அடுப்பில் அலுமினியம் பொறி பறக்கும். பெட்டியில் போட்டிருக்கும் வெப்பநிலையை மீறினால் உள்தட்டு வளைந்து சாறு வெளியே வரும். முத்திரை உடைந்த பெட்டியைத் திரும்ப ஒட்டிக் கொடுக்கவே கூடாது. நடந்ததைச் சொல்லிவிடுங்கள், அவர் பழத்தோடு நிறுத்திக்கொள்வார். இதில் மறைப்பது பெரிய துரோகம்.

வெள்ளி இரவுக்கு உணவு முழுதாக வெந்து, திருகு விசை இல்லாத சூட்டுத்தட்டின் மேல் சூரியன் மறையும் முன்பே ஏறியிருக்கவேண்டும். வெந்நீர்க் கலனும் அப்படியே. நம் 13 ஆம்பியர் செருகியில் 230 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 3 கிலோவாட்தான் தாங்கும். ஒரு கலனே பெரும்பகுதியை இழுத்துவிடும். இரண்டு கலனும் ஒரு தட்டும் ஒரே நீட்டுக்கம்பியில் மாட்டினால் இரவு 8 மணிக்கு மின்தடை விசை விழும். அதைத் தூக்கிவிடச் சொல்லி அவர்கள் உங்களிடம் கேட்க முடியாது, ஆறிப்போன சாப்பாடுதான் மிஞ்சும். ஒவ்வொன்றையும் வேறு வேறு சுற்றில் மாட்டி, மதியமே இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் 110 வோல்ட் தட்டு இங்கே கருகிவிடும். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள்.

கேள்வி: விருந்தில் ஒயின் ஊற்றப்போனேன், புட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு விருந்தாளி ஒருவரிடம் பேசினால் பதிலே சொல்லவில்லை. தவறு செய்துவிட்டேனா?
– பரிமாறுபவர், உட்லண்ட்ஸ்

பதில்: நீங்கள் தவறு செய்யவில்லை, அவர்களும் உங்களை அவமதிக்கவில்லை. கோஷர் ஒயினைத் திறந்த பிறகு யூதர் அல்லாதவர் ஊற்றினால் அதை அருந்தமாட்டார்கள். பழங்காலத்தில் பிற தெய்வங்களுக்கு ஒயின் படைக்கப்பட்டதால் வந்த விதி இது. "மெவுஷால்" என்று முத்திரையில் இருந்தால் அது சூடாக்கிய ஒயின். அதை நீங்கள் ஊற்றலாம். எதற்கும் மூடிய புட்டியை மேசையில் வைத்துவிட்டு விலகிக்கொள்வது நல்லது.

பேசாமல் இருந்தது ரொட்டிக்கு முன்னால் இருக்கும். இரண்டு கைப்பிடி உள்ள குவளையில் நீர் மொண்டு ஒவ்வொரு கையிலும் ஊற்றுவார்கள், துடைப்பார்கள், மேசைக்கு வந்து உட்காருவார்கள், துணி மூடிய இரண்டு ரொட்டிகளில் ஒன்றை வெட்டி உப்பில் தொட்டு வாயில் போடுவார்கள். கை கழுவியதிலிருந்து அந்த வாய் ரொட்டி வரை யாரும் ஒரு சொல் பேசமாட்டார்கள். 34 பேர் இருக்கும் கூடத்தில் கரண்டிச் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்கும். அந்தச் சில நிமிடம் நீங்களும் சுவரோரம் நின்றுவிடுங்கள். குவளை, தொட்டி, துண்டு மூன்றையும் வாசல் பக்கம் வைப்பது உங்கள் வேலை. 

கேள்வி: சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறேன். வெள்ளி மாலை நெரிசலில் மாட்டினால் என்ன ஆகும்? சனிக்கிழமை நான் தயாராக நிற்கவேண்டுமா?
– ஓட்டுநர், சுவா சூ காங்

பதில்: சனி பகலில் வேண்டாம். அவர்களுக்காக நீங்கள் காத்து நிற்பதே அவர்களுக்குச் சங்கடம். ஒப்பந்தத்தில் அந்தப் பகலை எடுத்துவிடச் சொல்லுங்கள். சனி இரவு உலா இருந்தால், குழுத்தலைவர் தரும் ஷபாத் முடியும் நேரத்துக்குப் பிறகு இன்னும் அரை மணி கழித்து வண்டியை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். சடங்கு முடிந்து, உடைமாற்றி இறங்க அவ்வளவு நேரம் ஆகும்.

வெள்ளியன்று மண்டாய், செந்தோசா போன்ற தூர இடங்களைக் காலையிலேயே முடித்து, மாலை 4 மணிக்கு ஓட்டல் வாசலில் இறக்கிவிடுவது என்று நிரலில் எழுதச் சொல்லுங்கள். எல்லாரும் குளித்து, நல்லுடை உடுத்தி, ஆலயத்துக்கு நடக்கவேண்டும். நிரலில் 5.30 என்று போட்டிருந்தால் மழை நாளில் நிச்சயம் சிக்கல். அப்படியே மாட்டிக்கொண்டால், நேரம் வருமுன் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அவர்களை இறக்கிவிடுங்கள், நடந்து போவார்கள். பைகளை நீங்கள் ஓட்டலில் சேர்க்கலாமா என்பதை இறங்குவதற்கு முன்பே ரபியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: உரிமம் பெற்ற வழிகாட்டி நான். யூதக் குழுவுக்கு இங்கே என்ன காட்டலாம்? வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலுக்கும் அழைத்துப் போகலாமா?
– வழிகாட்டி, தோ பாயோ

பதில்: தொடங்கும் இடம் வாட்டர்லூ ஸ்திரீட்டில் உள்ள மகேன் அபோத் ஆலயம்தான். 1878இல் திறக்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் இன்றும் நிற்கும் யூத ஆலயங்களில் மூத்தது இதுவே. 1998இல் தேசிய நினைவுச்சின்னமானது. அதற்கு முன் யூதர்கள் தொழுதது படகுத்துறைக்கு அருகே ஒரு கடைவீட்டில். ஆலயம் இடம் மாறிப் போனாலும் சினகாக் ஸ்திரீட் என்ற பெயர் அங்கே நிலைத்துவிட்டது. மகேன் அபோத்தை ஒட்டியே ஜேக்கப் பாலஸ் மையம் இருக்கிறது. சிங்கப்பூர் யூதர் வரலாற்றுக் காட்சியகமும் அங்கே உண்டு. முன்பதிவும் பாஸ்போர்ட்டும் இல்லாமல் உள்ளே போகமுடியாது. 34 பெயரையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். வாசலில் நின்று கெஞ்சிப் பயனில்லை.

அங்கிருந்து நடந்தால் மிடில் ரோட்டில் 1928இல் எழுந்த டேவிட் இலியாஸ் கட்டடம், சிலேகி ரோட்டில் 1924ஆம் ஆண்டின் எலிசன் கட்டடம். இரண்டின் முகப்பிலும் ஆறுமுனை தாவீது நட்சத்திரம் உண்டு. தேக்காவுக்குப் போகும் நம்மில் எத்தனையோ பேர் எலிசன் கட்டடத்தைத் தினமும் கடந்தும் அண்ணாந்து பார்த்ததில்லை. இந்த வட்டாரத்துக்கு யூதர்கள் வைத்த பெயர் மகல்லா. நம் காதுக்குப் பழகிய அதே 'மொகல்லா'தான், அரபிலிருந்து வந்தது. பாக்தாத்திலிருந்து கல்கத்தா, பம்பாய் வழியாக இங்கே வந்த வணிகக் குடும்பங்கள் வாழ்ந்த தெருக்கள் இவை.

ஆக்ஸ்லி ரைஸில் 1905இல் மனாசே மேயர் தம் நிலத்தில் கட்டிய செசெட் எல் ஆலயம் அடுத்தது. 1922இல் ஐன்ஸ்டைன் சிங்கப்பூரில் இறங்கியபோது, எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கு நிதி கேட்டு இந்த மேயரைத்தான் சந்தித்தார். டோபி காட் எம்ஆர்டி நிலையம் இருக்கும் பகுதியில் ஒரு காலத்தில் யூத இடுகாடு இருந்தது. நிலையப் பணிக்காகக் கல்லறைகள் அகற்றப்பட்டன. 1955இல் நம் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் இந்தச் சமூகத்தவர் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். 

இடுகாட்டுக்கு அழைத்துப் போகுமுன் குழுவில் கோஹன் குலத்தார் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பழைய ஆசாரிய வம்சத்தினரான அவர்கள் இறந்தோர் உடல் இருக்கும் இடத்துக்குப் போகக்கூடாது. கிருஷ்ணன் கோயில், பக்கத்துக் குவான் இம் கோயில் இரண்டையும் வெளியே நின்று சொல்லுங்கள். விக்கிரகம் உள்ள இடத்துக்குள் நுழைவது அவர்களுக்குத் தடை. தேவாலயத்துக்குள்ளும் பெரும்பாலோர் போகமாட்டார்கள். வெளியே நின்று கேட்பதில் பலருக்குத் தடையில்லை, ஆர்வமும் உண்டு. கொச்சி யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு ஏறக்குறைய 1000ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருப்பதையும், எபிரேய வேதத்தில் மயிலைக் குறிக்கும் 'துக்கி' நம் 'தோகை'யிலிருந்து போனது என்று மொழியறிஞர் பலர் கருதுவதையும் சொல்லிப் பாருங்கள்.

சனிக்கிழமை அவர்கள் நடக்கும் வழிக்கு ஒரு எச்சரிக்கை. அன்று தெருவில் எதையும் சுமக்கமாட்டார்கள். தண்ணீர்ப் புட்டி, குடை, தள்ளுவண்டி எதுவும் இல்லை. குடையை விரிப்பதே தடை. தொழுகைப் போர்வையும் நூலும் வெள்ளி பகலிலேயே ஆலயம் போய்ச் சேரட்டும். மழை கொட்டினால் உடுத்திக்கொள்ளும் மழையங்கிதான் கதி, ஆளுக்கொன்று முன்பே அறையில் வைக்கச் சொல்லுங்கள். கூரை போட்ட நடைபாதை வழியை வியாழனன்றே அவர்களோடு ஒருமுறை நடந்து காட்டுங்கள், சனியன்று கைப்பேசி வரைபடம் அவர்களிடம் இருக்காது.

கேள்வி: வெள்ளித் தொழுகைக்கு என்னையும் அழைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றவேண்டுமா? எப்படி வணங்குவது?
– வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: செருப்பைக் கழற்றவேண்டாம், அங்கே வழக்கமில்லை. முழங்கையும் முழங்காலும் மறையும் உடை போதும், சேலை மிகப் பொருத்தம். பெண்களுக்குத் தனி இருக்கை. உங்களோடு வரும் ஆண்கள் தலையை மூடவேண்டும், வாசலில் குல்லாய் தருவார்கள். கைப்பேசியைக் கொண்டுபோகாதீர்கள். எல்லாரும் எழும்போது எழுந்து நின்றால் போதும், வேறெதுவும் எதிர்பார்க்கமாட்டார்கள். பிற பாலாரிடம் கைகுலுக்காதவர்கள் பலர். நமக்குக் கைகூப்பி வணக்கம் சொல்லும் வழக்கம் இருப்பது எவ்வளவு நல்லது!

தொழும் திசையை ஓட்டல்காரர்களும் கேட்கிறார்கள். எருசலேமை நோக்கி நிற்பார்கள். சிங்கப்பூரிலிருந்து அது திசைகாட்டியில் ஏறக்குறைய 303 பாகை, வடமேற்கு. அறைக்கூரையில் ஒட்டியிருக்கும், முஸ்லிம்கள் தொழும் கிப்லாத் திசையிலிருந்து சுமார் 10 பாகை வடக்கே தள்ளி.

கேள்வி: எந்த மாதங்களில் குழு வராது? ரபி பேச அனுமதி வேண்டுமா?
– பயண நிறுவன ஊழியர், செங்காங்

பதில்: அவர்கள் நாட்காட்டி சந்திரனைப் பின்பற்றி, 19 ஆண்டில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிச் சூரியனோடு ஒத்துப்போகும். ஆகவே தேதி ஆண்டுதோறும் நகரும். மார்ச்–ஏப்ரலில் வரும் பாஸ்காவின்போதும், செப்டம்பர்–அக்டோபர் பண்டிகைகளின்போதும் முன்பதிவு கேட்டு அலையாதீர்கள். ஜூலை–ஆகஸ்டில் வரும் ஆப் மாதத்தின் முதல் 9 நாள் துக்க நாட்கள். ஐரோப்பிய வழக்கத்தார் இறைச்சியும் ஒயினும் தொடமாட்டார்கள், 9ஆம் நாள் முழு உண்ணாவிரதம்.

ரபி தம் குழுவோடு மட்டும் அமர்ந்து படிப்பது வேறு. உள்ளூர்ப் பொதுமக்களை அழைத்துச் சமய உரை நிகழ்த்துவது வேறு. வெளிநாட்டுப் பேச்சாளருக்கு மனிதவள அமைச்சின் தனி அனுமதி வேண்டும். ஏற்பாட்டாளர் முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும்.

கேள்வி: ஷபாத் நேரத்தில் யாருக்காவது நெஞ்சுவலி வந்தால்?
– இரவுக் காவலர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: உடனே 995க்கு அடியுங்கள். யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவேண்டாம். உயிரைக் காப்பது ஷபாத்தின் தடைகளைத் தள்ளிவைக்கும் என்பது அவர்களுடைய உறுதியான விதி. வண்டியில் ஏறுவார், துணைக்கு ஒருவர் வருவார், மின்தூக்கியிலும் போவார்கள். ஆனால் அன்று அவர்கள் பையில் பணமோ பாஸ்போர்ட்டோ கைப்பேசியோ இருக்காது. எனவே வெள்ளி பகலில் 34 பேரின் பாஸ்போர்ட் நகல், காப்புறுதி எண், சாப்பிடும் மருந்து, ஒவ்வாமை, ஊரில் தகவல் சொல்லவேண்டியவர் எண் எல்லாவற்றையும் குழுத்தலைவரிடம் வாங்கி ஆளுக்கொரு உறையில் போட்டு முன்மேசையில் பூட்டி வையுங்கள். ஆம்புலன்ஸ் வந்ததும் அந்த உறை நோயாளியோடு போகட்டும். துணைக்குப் போனவர் உயிராபத்து நீங்கியபின் சனி பகலில் வண்டியில் திரும்பமாட்டார், மருத்துவமனையிலேயே இருந்துவிடுவார். முத்திரை பிரிக்காத கோஷர் பெட்டி இரண்டும் தண்ணீரும் அவருக்காக உங்கள் ஊழியர் கையில் அனுப்பிவையுங்கள்.